டைட்டர் கோழிக்கு மட்டும்தானா?

வருடா வருடம் ஃப்ளூ ஊசி போட்டால் உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தி மங்குமா? சேலம், நாமக்கல் பக்கம் அடிபடும் ஒரு கேள்வியின் உள்ளும் புறமும்

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டிய வேலை இது. சூடு பட்டால் மருந்து வீரியம் இழக்கும், குஞ்சுகளும் திணறும். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியிலோ புதுச்சத்திரம் பக்கமோ, குஞ்சு இறக்கி ஒரு வாரம் ஆன பண்ணைக்குள் விடிகாலையில் நுழைந்தால் பார்க்கலாம். ஐஸ் டப்பாவுக்குள் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துக் குப்பி. தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் குஞ்சை அள்ளுவார்கள், தலையைச் சாய்ப்பார்கள், கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள். குஞ்சு கண்ணைச் சிமிட்டியதும் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் ஒன்றுகூடத் தப்பக்கூடாது. தப்பினால் வெள்ளைக்கழிச்சல் நுழைய அந்த ஒன்றே போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் அதே வரிசையில் இரண்டு மூன்று பேர் முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருப்பார்கள். உடம்பு அனலாகக் கொதித்தாலும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஊசி என்று ஒன்று உண்டா? கேட்டால் சிரிப்புத்தான் வரும். வசதியுள்ள வீடுகளில் பதில் வேறு மாதிரி. சேலத்தில் குழந்தைகள் மருத்துவரிடம் போய்விட்டு வரும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் விவாதிக்கிறார்கள்: “வருசா வருசம் ஊசி போட்டுப் பழக்கிட்டா, உடம்பு தானா சண்டை போட மறந்துடாதா? சளி, காய்ச்சல் வந்து வந்து போனாத்தானே கொழந்தை கெட்டிப்படும்?”

கொரோனா காலத்துக்குப் பிறகு ஊசி என்றாலே ஒரு சலிப்பு, ஒரு சந்தேகம். அந்த மனநிலையில் இந்தக் கேள்வி வேகமாகப் பரவுகிறது. ஆனால் இதை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆய்வுக்கூடங்களில் நாற்பது வருடங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. வாட்ஸ்அப்பில் வரும்போது கேள்வியின் முன்பாதி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

## சந்தேகத்தின் பிறப்பிடம் ஒரு விடுதிப் பள்ளி

இங்கிலாந்தில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்று ஒரு பள்ளி. பெயரில் ஹாஸ்பிட்டல் இருந்தாலும் அது பழமையான உறைவிடப் பள்ளி. 1970-களில் அங்கே மூன்று முறை ஃப்ளூ பரவியது. பள்ளியின் மருத்துவர் ஹோஸ்கின்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1979-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். முதல்முறை ஊசி போட்டவர்களுக்குப் பலன் இருந்தது. ஆனால் மூன்று பரவல்களையும் கூட்டிப் பார்த்தால், வருடா வருடம் போட்டுக்கொண்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருமுறை நிஜமாகவே நோய் வந்து தேறிய பையன்கள் அடுத்த முறை நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். இன்று நம் ஊரில் கேட்கும் சந்தேகத்துக்கு இந்தக் கட்டுரைதான் மூதாதை.

அடுத்த அடி நெதர்லாந்திலிருந்து வந்தது. ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவ மைய ஆய்வாளர்கள், வருடந்தோறும் ஃப்ளூ ஊசி போட்டுவந்த நுரையீரல் நோயுள்ள குழந்தைகளின் ரத்தத்தை, ஊசியே போடாத குழந்தைகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டு 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் டி செல்கள் என்று ஒரு காவல்படை உண்டு. அவை வைரஸின் மேல்சட்டையைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் பாகங்களை அடையாளம் காண்பவை. மேல்சட்டையை மாற்றிக்கொண்டு புதுவகை ஃப்ளூ வந்தாலும் நோயின் கடுமையைக் குறைக்கக்கூடியவை. ஊசி போடாத குழந்தைகளுக்கு வயது ஏற ஏற இந்த டி செல் படை பெருகியது. ஊசி போட்ட குழந்தைகளிடம் அந்த வளர்ச்சி தெரியவில்லை. ஆய்வு சின்னதுதான், இரு தரப்பையும் சேர்த்தாலும் சில பத்துக் குழந்தைகளே. ஆனாலும் கேள்வி நியாயமானது: செத்த வைரஸில் செய்த ஊசி, நிஜ நோய் கற்றுத்தரும் எல்லாப் பாடத்தையும் கற்றுத்தருமா?

தராது. இதைச் சொல்ல மருத்துவர்கள் தயங்கத் தேவையில்லை. வழக்கமான ஃப்ளூ ஊசி பெரும்பாலும் வைரஸின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத்தான் உண்டாக்குகிறது. நிஜ நோய் மூக்கு, தொண்டைச் சவ்விலிருந்து டி செல் வரை பல இடங்களில் தடம் பதிக்கிறது. அப்படியானால் நோயே வந்து போகட்டும் என்று விட்டுவிடலாமா? அந்தத் தடம் எத்தனை காலம் நிற்கும் என்று பார்த்துவிட்டுத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

> டைட்டர்: நாமக்கல்லுக்குத் தெரிந்த சொல்
>
> முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவரிடம் டைட்டர் என்றால் விளக்கத் தேவையில்லை. கோழியின் ரத்தத்தை லேப்பில் கொடுத்து, வெள்ளைக்கழிச்சலுக்கு எதிரான சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ‘டைட்டர் இறங்கிருச்சு’ என்று தெரிந்தால் குடிதண்ணீரில் மறுபடி லசோட்டா கலப்பார்கள்.
>
> மனிதர்களின் ஃப்ளூ எதிர்ப்புச் சக்தியை அளப்பதும் இதே சோதனைதான். 1941-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஹர்ஸ்ட், ஃப்ளூ வைரஸை வளர்த்த கோழிக்கருவிலிருந்து திரவம் எடுக்கும்போது அதில் கலந்த கோழி ரத்த அணுக்கள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்தது இந்தச் சோதனை. மனிதர்களுக்கு 1:40 என்ற அளவு இருந்தால் ஏறத்தாழப் பாதிப் பாதுகாப்பு என்பது நெடுநாளாக இருந்துவரும் கணக்கு.
>
> வெள்ளைக்கழிச்சல் வைரஸ் தன் அடையாளத்தை அவ்வளவாக மாற்றிக்கொள்வதில்லை. அதற்கே டைட்டர் இறங்குகிறது, திரும்பத் திரும்ப மருந்து தேவைப்படுகிறது. ஃப்ளூவிலோ டைட்டரும் இறங்குகிறது, வைரஸும் ஆள் மாறுகிறது.

## ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் காப்பா?

இயற்கையாக வந்த சக்தியின் ஆயுளுக்குச் சான்று கேட்டால் வியக்கவைக்கும் சான்றே உண்டு. 1918-ன் பெருங்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அதிலிருந்து தப்பிய அமெரிக்க முதியவர்கள் 32 பேரின் ரத்தத்தை ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் 91 வயதோ அதற்கு மேலோ. ஒவ்வொருவர் ரத்தத்திலும் 1918 வைரஸை அடையாளம் காணும் சக்தி மிச்சம் இருந்தது. ‘நேச்சர்’ இதழில் 2008-ல் வந்த முடிவு இது.

1977-ல் இன்னொரு சான்று கிடைத்தது. 1957-க்குப் பிறகு மறைந்துபோயிருந்த எச்1என்1 வகை, இருபது வருடம் கழித்து ஏறத்தாழ அதே முகத்தோடு திரும்பி வந்தது. படுத்தவர்கள் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தவர்கள். பழைய வைரஸைச் சின்ன வயதில் பார்த்திருந்த மூத்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே இயற்கைச் சக்தி நீடிக்கும், வந்த அதே வைரஸ் மறுபடி வந்தால். சிக்கல் அந்த ‘அதே’யில் இருக்கிறது. எச்3என்2 போன்ற வகைகள் சில வருடங்களுக்குள் உருமாறி, பழைய எதிர்ப்பொருளின் பிடியிலிருந்து நழுவிவிடுகின்றன. தென் சீனாவில் ரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2015-ல் போட்ட ஒரு கணக்கு, முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து வருடத்தில் ஏறக்குறைய இரண்டு முறை ஃப்ளூ வருகிறது என்கிறது. இயற்கையாக வந்து இயற்கையாகச் சக்தி ஏறினாலும் மறுபடி வருகிறது.

முதல் நினைவு விடாப்பிடியானது என்பதும் உண்மை. அமெரிக்காவின் தாமஸ் பிரான்சிஸ் 1960-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: ஆதி பாவம். சிறுவயதில் முதலில் சந்தித்த ஃப்ளூவையே உடம்பு காலமெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, பின்னால் வருவதையும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்க்கிறது என்றார். 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதைப் பறவைக் காய்ச்சலோடு பொருத்திப் பார்த்தது. 1968-க்கு முன் பிறந்தவர்களுக்கு எச்5என்1 கடுமையாகத் தாக்கும் அபாயம் குறைவு, பின்னால் பிறந்தவர்களுக்கு எச்7என்9 அபாயம் குறைவு. யார் எந்த ஃப்ளூவை முதலில் பார்த்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அந்த 1968-க்கு முந்தைய தலைமுறை எதை முதலில் பார்த்தது? 1957-ல் வந்த ஆசிய ஃப்ளூவும் அதில் உண்டு. அந்த ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ராஜுலா கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். அங்கிருந்து நாடெங்கும் பரவியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இன்ஃப்ளூயன்சா மையம் அதை ஆராய்ந்தது, அங்கே பணியாற்றிய ஐ.ஜி.கே. மேனன் உலக சுகாதார நிறுவன இதழில் அதை விரிவாகப் பதிவு செய்தார். சேலம் பக்கத்து எழுபது வயதுக்காரர்கள் பலருடைய முதல் ஃப்ளூ நினைவு அந்தக் கப்பலில் வந்ததாக இருக்கலாம்.

## போட்டுக்கொண்டே வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

கேள்வியின் பின்பாதி இது. வாட்ஸ்அப்பில் விட்டுப்போனது.

கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் முடிவு வந்தபின் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1980-களில் ஐந்து வருடம் முறையாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்பப் போட்டவர்களின் பாதுகாப்பு தேய்ந்துபோனதாகத் தெரியவில்லை. விவாதம் அடங்கியது என்று நினைத்தார்கள். 2014-ல் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து எட்டு சீசன்களின் கணக்கு வந்து மறுபடி கிளப்பியது. எச்3என்2-க்கு எதிராக, முந்தைய ஐந்து வருடங்களில் ஊசியே போடாமல் இந்த வருடம் போட்டவர்களுக்கு 65 சதவீதப் பாதுகாப்பு, அடிக்கடி போட்டவர்களுக்கு 24 சதவீதம்.

இந்த ஒற்றை வரியைப் படித்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் இந்த 24 சதவீதம் என்பது ஊசி போடாதவர்களோடு ஒப்பிட்டுச் சொல்வது. அதாவது அடிக்கடி போட்டவரும் போடாதவரைவிட மேலான நிலையில்தான் இருக்கிறார். 2023-ல் உலகளாவிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே சித்திரம். போன வருடமும் இந்த வருடமும் போட்டவர்களின் பாதுகாப்பு, இந்த வருடம் மட்டும் போட்டவர்களைவிட எச்1என்1-க்கு 9, எச்3என்2-க்கு 18, பி வகைக்கு 7 சதவீதப் புள்ளிகள் குறைவு. இரு தரப்புமே போடாதவர்களைவிட மேல். ஏன் இந்தக் குறைவு? போன வருட ஊசியும் இந்த வருட ஊசியும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்து, ஊரில் சுற்றும் வைரஸ் வேறாக இருந்தால், உடம்பு பழைய பாடத்தையே ஒப்பித்துவிட்டுப் புதுப் பாடத்தை அரைகுறையாகப் படிக்கிறது என்று ஒரு விளக்கம் 1999-லிருந்தே இருக்கிறது.

இந்தியக் குழந்தைகளிடம் நடந்த சோதனை ஒன்று உண்டு, நம் விவாதங்களில் அது பேசப்படுவதே இல்லை. ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் ஆறு மாதம் முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, தில்லி எய்ம்ஸ் பங்கேற்ற ஆய்வில், 2009 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஃப்ளூ ஊசி போட்டார்கள். மற்றொரு பிரிவினருக்கு போலியோ ஊசி. முதல் ஆண்டு பலன் 25.6 சதவீதம். அந்த ஆண்டு சுற்றிய புதிய பன்றிக் காய்ச்சல் வைரஸ் ஊசியில் இல்லை. இரண்டாம் ஆண்டு 41. மூன்றாம் ஆண்டு 74.2. வருடா வருடம் போட்டதால் சக்தி மழுங்கும் என்றால் மூன்றாம் ஆண்டு எண் இறங்கியிருக்க வேண்டும், இங்கே ஏறியிருக்கிறது. இதை வைத்து ‘போடப் போடக் கூடும்’ என்று சொல்லவும் கூடாது. ஊசியும் வைரஸும் எந்த ஆண்டில் எவ்வளவு பொருந்துகின்றன என்பதே எண்ணைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

சரி, டி செல்? நெதர்லாந்து ஆய்வு எழுப்பிய கவலை முழுதாகத் தீரவில்லை. ஆனால் ஃப்ளூ ஊசி நல்ல வருடத்திலேயே பெரும்பாலும் 40 முதல் 60 சதவீதம்தான் தடுக்கிறது. ஊசி போட்ட குழந்தைக்கும் லேசாக நோய் தொற்றத்தான் செய்கிறது, உடம்பு நிஜ வைரஸைச் சந்திக்கத்தான் செய்கிறது. ஊசியின் குறை என்று நாம் சொல்லும் அதே ஓட்டை வழியாக இயற்கைப் பாடமும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. முதல் சந்திப்பே ஊசியாக அமையும் கைக்குழந்தைகளுக்கு நீண்ட காலத்தில் என்ன ஆகிறது என்று அறிய, பிறந்ததிலிருந்து குழந்தைகளைப் பல வருடம் பின்தொடரும் ஆய்வுகளுக்கு அமெரிக்க அரசு 2019-ல் நிதி கொடுத்தது. அந்தக் குழந்தைகள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

> பண்ணைக்காரர் கேட்கக்கூடிய இன்னொரு கேள்வி
>
> கோழிகளைத் தாக்கும் மாரெக்ஸ் நோய்க்குப் பொரிப்பகத்திலேயே, பிறந்த அன்றே குஞ்சுக்கு ஊசி. அது கோழி சாவதைத் தடுக்கிறது, வைரஸ் பரவுவதைத் தடுப்பதில்லை. ஆண்ட்ரூ ரீட், வேணுகோபால் நாயர் உள்ளிட்டோர் 2015-ல் காட்டியது இது: கொடிய மாரெக்ஸ் வகை, ஊசி போடாத கோழியைச் சீக்கிரம் கொன்று தானும் மடிந்துவிடும். ஊசி போட்ட கோழி உயிரோடு இருந்து அந்தக் கொடிய வகையை இறகுத் தூசியில் பரப்பிக்கொண்டே இருக்கும்.
>
> அப்படியானால் மனிதர் போடும் ஃப்ளூ ஊசியும் கொடிய வைரஸை வளர்க்குமா? அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை. ஃப்ளூ ஒருவரைப் படுக்கையில் தள்ளுவதற்கு முன்பே, முதல் இரண்டு மூன்று நாளில் அடுத்தவருக்குத் தாவிவிடுகிறது. நோயாளி பிழைப்பதும் இறப்பதும் அதன் பரவலைப் பெரிதாக மாற்றுவதில்லை.

## ‘வந்து போகட்டும்’ என்பதன் செலவு

இயற்கையாக வரட்டும் என்று சொல்லும்போது நம் கண்முன் நிற்பது யார்? ஓடியாடித் திரியும் ஏழு வயதுப் பையன். மூன்று நாள் படுப்பான், நாலாம் நாள் எழுந்து விளையாடப் போவான். அவனைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் தவறில்லை. இருபத்தைந்து வயது ஆரோக்கியமான ஒருவர் ஊசி வேண்டாம் என்றால் அவரை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவனுக்குச் சக்தி ஏறும் அந்த மூன்று நாளில் வைரஸ் வீட்டில் வேறு யாரையெல்லாம் பார்க்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் தொட்டில் குழந்தை. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அதைக் காக்கச் சிறந்த வழி, கர்ப்பத்தில் தாய்க்குப் போடுவது. வங்கதேசத்தின் டாக்காவில் 340 தாய்மார்களிடம் நடந்த சோதனை 2008-ல் வெளியானது. ஊசி போட்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளிடம், பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவு. நம் ஊர் போன்ற ஊரில், நம் வீடுகள் போன்ற வீடுகளில் கிடைத்த எண் இது. கர்ப்பிணிகள் ஃப்ளூ ஊசி போடலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலும் இருக்கிறது. ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் கர்ப்பிணிக்கு டிடி ஊசி தவறாமல் கிடைக்கும், இதைத் தானாக யாரும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள்.

அடுத்து, சர்க்கரை. 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். ஃப்ளூ இவர்களுக்குக் காய்ச்சலோடு நிற்பதில்லை, சர்க்கரையை ஏற்றும், நிமோனியாவுக்குக் கதவு திறக்கும். இதயத்தையும் சும்மா விடுவதில்லை. கனடாவில் 2018-ல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாள்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. நம் ஊரில் அறுபது வயதுக்காரர் ‘ஒரு வாரம் காய்ச்சலாக் கெடந்தார், நெஞ்சு வலின்னார், போயிட்டார்’ என்ற செய்தியில் ஃப்ளூவின் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றிருக்கும்.

பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வைத்து அரசு எண்ணும் பகுதி மட்டுமேகூடப் பெரிது. 2015-ல் இந்தியாவில் எச்1என்1 உறுதியானவர்கள் 42,000-க்கு மேல், இறந்தவர்கள் மூவாயிரத்துக்கு நெருக்கமாக. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது தமிழக அரசு ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. முகாமில் மாத்திரை கிடைத்தது. தேவைப்பட்டவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் ஒசல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்து கிடைக்கிறது, அதையும் காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் எடுத்தால்தான் நல்ல பலன். ஆனால் நம் ஆட்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையோடு நாலு நாளை ஓட்டிவிட்டு, ஐந்தாம் நாள் மூச்சு வாங்கும்போதுதான் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ ஆட்டோ பிடிக்கிறார்கள்.

இதில் கூலி இழப்பும் சேர்ந்தது. விசைத்தறியிலோ பண்ணையிலோ ஜவ்வரிசி ஆலையிலோ வேலை பார்ப்பவருக்கு ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரச் சம்பளம் இல்லை. ஊசியின் விலையும் சும்மா இல்லை. தனியார் கிளினிக்கில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். வீட்டில் நாலு பேருக்கென்றால் ஒரு மாத மளிகைக் கணக்கு. வருடா வருடம் ஊசி போட்டால் என்ன ஆகும் என்ற கவலை, வருடா வருடம் ஊசி போடும் நாடுகளில் பிறந்தது. அங்கே முதியவர்களில் பெரும்பகுதியினர் இருபது, முப்பது வருடமாகப் போட்டுவருகிறார்கள், ஆகவே அந்தக் கேள்வி அவர்களுக்கு நிஜமான கேள்வி. வாழ்நாளில் ஒருமுறைகூடப் போடாதவர்கள் நிறைந்த நம் ஊரில் அது கடன் வாங்கிய கவலை. விஸ்கான்சின் கணக்கையே நம் ஊருக்குப் பொருத்தினால், அதிகப் பலன் கிடைக்கவேண்டியது நமக்குத்தான்: இத்தனை வருடம் போடாமல் இருந்து இந்த வருடம் போடுபவருக்கு.

## கோழியும் லாரியும்

மற்ற ஊர்களுக்கு இல்லாத இரண்டு விஷயங்கள் நாமக்கல்லுக்கு உண்டு.

ஒன்று, கோழி. இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதலில் தென்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். அன்றிலிருந்து வேறு மாநிலத்தில் எங்கே வந்தாலும் இங்கே முட்டை விலை இறங்கும், வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதி தடுமாறும். பொருளாதார பயம் எல்லோருக்கும் தெரியும். உடல்நல பயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2021-ல் ஹரியானாச் சிறுவன் ஒருவனும் 2025-ல் ஆந்திராவில் ஒரு குழந்தையும் எச்5என்1-க்குப் பலியானார்கள். மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே ஆளின் உடம்புக்குள் ஒரே நேரத்தில் நுழைந்தால், இரண்டும் தங்கள் பாகங்களை மாற்றிக்கொண்டு புதிதாக ஒன்று பிறக்கலாம். வழக்கமான ஃப்ளூ ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது, ஆனால் இந்தச் சந்திப்பின் வாய்ப்பைக் குறைக்கும். அமெரிக்காவில் 2024-ல் பண்ணைத் தொழிலாளர்களுக்கு இந்த ஊசியைத் தேடிப்போய்ப் போடச் சொன்னது இதற்காகத்தான். 1968-க்குப் பின் பிறந்தவர்களுக்கு எச்5என்1 அபாயம் அதிகம் என்ற ஆய்வை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளலாம். இன்று ஷெட்டுக்குள் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள்.

ஊசிக்கும் நாமக்கல்லுக்கும் வேடிக்கையான உறவும் உண்டு. உலகின் பெரும்பாலான ஃப்ளூ ஊசி கோழி முட்டைக்குள்தான் வளர்கிறது. ஆனால் நம் முட்டை அதற்கு உதவாது. நம்முடையது சேவல் சேராத சாப்பாட்டு முட்டை, அவர்களுக்குக் கரு வளரும் முட்டை வேண்டும். முட்டையில் வளரும்போது எச்3என்2 வைரஸ் முட்டைக்கு ஏற்றபடி கொஞ்சம் உருமாறிவிடுகிறது, அதனால் சில வருடங்களில் ஊசியின் குறி தவறுகிறது என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வருடா வருடம் போட்டும் பலன் குறைகிறதே என்ற புகாரில் ஒரு பங்கு, மனித உடம்பின் மறதியைவிட முட்டையின் குறும்பு.

இன்னொன்று, லாரி. ஐசிஎம்ஆர் ஆய்வகங்களின் தரவுகளை வைத்து 2015-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் ஃப்ளூ சீசன் ஒன்றல்ல என்று காட்டியது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. தில்லியிலும் நாக்பூரிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு. இந்த ஸ்ரீநகர், தில்லி, நாக்பூர் மூன்றையும் கோக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 நேராகச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வருகிறது. நம் ஊர் ஓட்டுநர் அதே சாலையில் வருடம் முழுக்க ஏதாவதொரு ஊரின் ஃப்ளூ சீசனுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலான மக்களுக்கு எந்த மாதம் ஊசி என்று சொல்லிவிடலாம். இவர்களுக்குச் சொல்வது கஷ்டம்.

## யாருக்கு, எப்போது

ஊசியின் சக்தி சில மாதங்களில் இறங்கத் தொடங்கிவிடும். நம் பக்கத்துக்கு ஆவணியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ, அதாவது ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் வரை போட்டால் மழை மாதங்களுக்குச் சரியாக இருக்கும். ஏப்ரலில் போட்டுவிட்டுக் கார்த்திகையில் காய்ச்சல் வந்ததே என்று நொந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், கர்ப்பிணிகள், அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மருத்துவமனை ஊழியர்கள், கோழிப்பண்ணைத் தொழிலாளர்கள் ஆகியோர் நீண்டகால எதிர்ப்புச் சக்தி விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வருடந்தோறும் போடச் சொல்கிறது. முதல்முறை போடும்போது நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளுக்குப் புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டின் மூக்கில் விடும் உயிர்மருந்து உண்டு, இரண்டு வயதுக்கு மேல். நிஜ நோயின் பாடத்துக்குக் கொஞ்சம் கிட்ட வருவது அதுதான். ஆனால் 2016-ல் வெளியான சோதனைகளில் வங்கதேசத்தில் 57.5 சதவீதம் பலன் தந்த அதே மருந்து செனகலில் ஒன்றும் செய்யவில்லை. கர்ப்பிணிகளுக்கு அது கூடாது.

போடுபவர்கள் குப்பியின் மேல் எந்த ஆண்டுக்கான ஊசி என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்தெந்த வைரஸைச் சேர்ப்பது என்று மாற்றி அறிவிக்கிறது. நாலு வகை ஊசியில் ஒன்றான பி யமகட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே தென்படவில்லை, அதை விட்டுவிடலாம் என்று அதே நிறுவனம் 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது. ஆகவே நாலு வகைக்கு என்று விற்கும் ஊசிக்கும் மூன்று வகைக்கு என்று விற்கும் ஊசிக்கும் நடுவே விலையில் வித்தியாசம் இருந்தால், மலிவானதைக் கேட்டு வாங்கலாம்.